ரூபாய்க்கு ஒரு படி அரிசி: மீன் பிடிக்கிற ஊருக்கு அண்ணாவின் வாக்குறுதி ஏன் முக்கியம்?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் நெல் விளையாது. தண்ணீர் உப்பு. மீன் உண்டு, இறால் உண்டு, நண்டு உண்டு. ஆனால் வீட்டில் உலை வைக்க அரிசி வேணும்னா காசு கொடுத்துத்தான் வாங்கணும். மீன் விற்ற காசில்தான் அரிசி. ஒரு கூடை மீனுக்கு எத்தனை படி அரிசி கிடைக்கும் என்கிற கணக்குத்தான் அந்த ஊரில் ஒரு குடும்பம் வயிறார சாப்பிடுமா இல்லையா என்பதை முடிவு செய்யும்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டு அரசியலின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் சி.என். அண்ணாதுரை. அவர் முதல்வராக இருந்தது முழுதாக இரண்டு ஆண்டுகூட இல்லை. அரிசி விஷயத்தில் அவர் லட்சியமாகச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் நடந்தது, அதுவும் இரண்டே நகரங்களில். அப்படியிருந்தும் அவருக்குப் பின் வந்த எந்த ஆட்சியாலும் அரிசி விலையைத் தொடாமல் இருக்க முடியவில்லை.

அது எப்படி நடந்தது? காஞ்சிபுரத்தில் இருந்து பார்க்கலாம்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

1909 செப்டம்பர் 15ல் காஞ்சிபுரத்தில் ஒரு எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார் அண்ணா. அப்பா நடராஜன், அம்மா பங்காரு அம்மாள். வளர்த்தது சித்தி ராஜாமணி அம்மாள். வீட்டில் வசதி இல்லாததால் இடையில் படிப்பை நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். மாணவராக இருக்கும்போதே 1930ல் ராணி அம்மையாருடன் கல்யாணம். கல்லூரியில் அவர் எடுத்த பாடம் பொருளாதாரமும் அரசியலும்.

பேச்சாளர், எழுத்தாளர், நாடகக்காரர் என்றுதான் அண்ணாவை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அவர் பொருளாதாரம் படித்தவர் என்பது பெரும்பாலும் மறந்துபோகிறது. அரிசி விவகாரத்தைப் புரிந்துகொள்ள அந்தப் படிப்பும் அந்த நெசவாளர் வீடும் இரண்டுமே வேண்டும்.

ஏன்னா, தறியில் உட்காருகிறவருக்கும் வலை வீசுகிறவருக்கும் ஒரு விஷயத்தில் நிலைமை ஒன்றுதான். இரண்டு பேருமே தாங்கள் சாப்பிடுவதைத் தாங்களே விளைவிப்பதில்லை. ஒருவர் துணியை விற்று அரிசி வாங்கணும், இன்னொருவர் மீனை விற்று அரிசி வாங்கணும்.

கூடை நிறைய மீன் இருந்தும் பசி வருமா?

வரும். ஒரு பேச்சுக்கு, ஒரு கூடை மீனுக்கு 4 படி அரிசி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென அரிசி விலை ஏறுகிறது. ஊரில் எல்லாரும் முதலில் எதைக் குறைப்பார்கள்? அரிசியைக் குறைக்க முடியாது. மீனைக் குறைப்பார்கள், புதுத் துணியைத் தள்ளிப்போடுவார்கள். மீனுக்கு ஆள் இல்லாததால் அதன் விலை விழும். அரிசி ஏறி, மீன் இறங்கி, கடைசியில் அதே கூடை மீனுக்கு ஒரு படி அரிசிகூட வராது. பிடித்த மீனில் குறைவே இல்லை. ஆனாலும் வீட்டில் பசி.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்ல. 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அந்தப் பஞ்சத்தை ஆராய்ந்து பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981ல் ஒரு நூல் வெளியிட்டார். மிக மோசமாக நொறுங்கிப்போனவர்களில் விவசாயக் கூலிகளோடு மீனவர்களும் இருந்தார்கள் என்று அதில் காட்டினார். சந்தையில் உணவு இருந்தும் அதை வாங்கும் சக்தி போய்விட்டால் பஞ்சம் வரும் என்பது அவர் கண்டது.

அதே காலத்தில் சென்னை மாகாணத்திலும் நெருக்கடி இருந்தது. தமிழர்கள் சாப்பிட்ட அரிசியில் ஒரு பகுதி பர்மாவில் இருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942ல் ஜப்பான் படைகள் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. ரேஷன் வந்தது. ரேஷன் கார்டு என்ற அட்டை தமிழ்க் குடும்பங்களின் பெட்டிக்குள் நுழைந்தது அந்தப் போர்க்காலத்தில்தான்.

1952ல் முதல்வரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். சந்தையைத் திறந்துவிட்டால் பதுக்கல் போகும், சரக்கு வெளியே வரும் என்பது அவருடைய நம்பிக்கை. அப்போது மக்கள் அதை வரவேற்கவும் செய்தார்கள். பின்னாளில் 1967 தேர்தலில் இதே ராஜாஜி அண்ணாவுக்குக் கூட்டாளி ஆனார். சந்தையை நம்பியவரும் மலிவு விலை அரிசியை வாக்குறுதி தந்தவரும் ஒரே மேடையில் இருந்தார்கள் என்பது தமிழக அரசியலில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் வேடிக்கை.

தெருவில் துணி விற்ற தலைவர்

1934ல் பெரியாரைச் சந்தித்தது, நீதிக்கட்சி, திராவிடர் கழகம், பிறகு பிரிவு, 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த தி.மு.க. தொடக்கக் கூட்டம் எல்லாம் பலமுறை சொல்லப்பட்ட கதை.

அவ்வளவாகப் பேசப்படாதது 1953. கைத்தறி நெசவாளர்கள் வேலையும் விற்பனையும் இல்லாமல் தவித்த நேரம். தறி நின்ற ஊர்களில் கஞ்சித்தொட்டி திறந்து கஞ்சி ஊற்ற வேண்டிய நிலை. அண்ணாவும் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி விற்றார்கள். கட்சி விளம்பரம்தானே என்று கேட்கலாம். விளம்பரமும்தான். ஆனால் நன்கொடை திரட்டிச் சோறு போடுவதற்குப் பதிலாக துணியை விற்றுக் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்கணும். நெசவாளர் வீட்டில் அரிசி இல்லாததற்குக் காரணம் துணி விற்காததுதான் என்ற புரிதல் அந்தச் செயலில் இருந்தது.

1957ல் காஞ்சிபுரத்தில் ஜெயித்து சட்டமன்றத்துக்குப் போனார். கட்சிக்கு 15 இடங்கள். 1962ல் கட்சி 50 இடங்களுக்கு வளர்ந்தது, ஆனால் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார். மாநிலங்களவைக்குப் போன அவர், அதே ஆண்டு ஜூலையில் விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராட்டம் நடத்திக் கைதாகி வேலூர் சிறையில் இருந்தார். மொழிப் போராட்டம் அளவுக்கு இந்த விலைவாசிப் போராட்டத்தை யாரும் இப்போது நினைப்பதில்லை. 1967ல் வந்த அரிசி வாக்குறுதி தேர்தல் நேரத்தில் திடீரென்று முளைத்தது அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

அரிசி கேட்ட ஊருக்கு கோதுமை வந்தது

1965 ஜனவரியில் தமிழ்நாட்டில் இரண்டு விஷயங்கள் சில நாள் இடைவெளியில் நடந்தன. பொங்கல் சமயத்தில் இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது. மாதக் கடைசியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்க்கும்படி மக்களிடம் வேண்டுகோள் வைத்தார். 1966ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளிநாட்டில் இருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் மொத்தமாக அனுப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக, கையைப் பிடித்துப் பிடித்து அனுப்பினார். அடுத்த கப்பல் வருமா என்று டெல்லி காத்திருந்தது.

புள்ளிவிவரப்படி கோதுமையும் தானியம், அரிசியும் தானியம். இரண்டிலும் வயிறு நிறையும். ஆனால் சோறு சாப்பிட்டுப் பழகிய வீட்டில் கோதுமையை வைத்து என்ன செய்வது? அரைக்கணும், பிசையணும், தேய்க்கணும், சுடணும். அதிகாலையில் கடலுக்கோ ஏரிக்கோ போகிற குடும்பத்துக்கு முந்தைய நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறுதான் காலை உணவு. கோதுமையில் பழைய சோறு வராது. பசிக்கிறவர்கள் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார்கள் என்ற நினைப்பு, திட்டம் போடுகிறவர்களுக்கு இன்றைக்கும் உண்டு. ஏழை வீட்டிலும் ருசி இருக்கு, வழக்கம் இருக்கு, அடுப்பு எரிக்கிற நேரக் கணக்கு இருக்கு.

புது நெல் ரகங்களுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 1966ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. விளைச்சல் அள்ளிக் கொடுத்தது. ஆனால் சோறு ஆறினால் விறைத்துப்போகும் என்று சாப்பிட்டவர்கள் முகம் சுளித்தார்கள். நம்ம ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகமும் அதே காலத்தில் தஞ்சை வயல்களுக்கு வந்தது. இந்த வீரிய விதைகளை நாடு முழுக்கக் கொண்டுபோகப் பாடுபட்ட மத்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் தமிழர்தான். விதை பலன் தருவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. 1967ல் அவரும் தோற்றார்.

மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற கணக்கு

1967 தேர்தல் பிரசாரத்தில் அண்ணா வைத்த வாக்குறுதி இதுதான்: ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவது கட்சியின் லட்சியம், ஒரு படி தருவது உறுதி. ஒரு படி என்பது தோராயமாக ஒன்றரை கிலோ. இப்போதைய தலைமுறைக்குப் படி என்றால் என்ன என்றே சந்தேகம் வரலாம். எடை போடாமல் பாத்திரத்தில் அளக்கிற அளவு அது. அன்றைக்கு வீட்டுக்கு வீடு அரிசிப் பானைக்குள் ஒரு படியோ உழக்கோ கிடக்கும். டன், கிலோ என்று பேசாமல் அடுப்படியில் இருக்கிற அளவிலேயே பேசியதால் வாக்குறுதி சட்டென்று ஒட்டிக்கொண்டது.

அந்த வாக்குறுதியில் ஒரு சாமர்த்தியமும் இருந்தது. லட்சியத்துக்கும் உறுதிக்கும் நடுவே இரண்டு படி இடைவெளி. மூன்று படி எங்கே என்று எதிர்க்கட்சிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். நாங்கள் உறுதி சொன்னது ஒரு படிதான் என்று தி.மு.க. பதில் சொன்னது. இந்தச் சண்டை இன்றும் தேர்தல் மேடைகளில் தலைகாட்டும்.

முடிவு தெரிந்ததே. 234 இடங்களில் தி.மு.க. தனியாக 137. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மொழிப் போராட்டம் ஒரு காரணம், கூட்டணி ஒரு காரணம், அரிசி ஒரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் மொழிப் போராட்டத்தில் மாணவர்கள் முன்னால் நின்றார்கள் என்றால், அரிசிக் கடை வரிசையில் நின்றது அவர்களுடைய அம்மாக்கள்.

தென்சென்னை மக்களவைத் தொகுதியில் ஜெயித்திருந்த அண்ணா, 1967 மார்ச் 6ல் முதல்வரானார். பிறகு சட்ட மேலவை உறுப்பினரானார்.

1967 மே மாதம் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் தொடங்கியது. எங்கே? சென்னையிலும் கோவையிலும் மட்டும்.

ஏன் அந்த இரண்டு நகரங்கள்? நகரத்தில் யாரும் நெல் போடுவதில்லை, எல்லாரும் கடையில் வாங்குகிறவர்கள், ரேஷன் கடைகள் அங்கேதான் ஓரளவு வலுவாக இருந்தன. இதில் நியாயம் இருக்கு. ஆனால் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நகரத்தில் மட்டுமா இருந்தார்கள்? கோட்டைக்குப்பம் சென்னையில் இருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். அங்கேயும் எல்லாரும் அரிசியை வாங்கித்தான் சாப்பிட்டார்கள். அண்ணாவின் சொந்த ஊரான காஞ்சிபுரமும் அதே செங்கல்பட்டு மாவட்டம்தான். நெசவாளர் நிறைந்த அந்த ஊருக்கும் ஒரு படி அரிசி வரவில்லை.

காரணம் பணம். வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடையில் விழும் பள்ளத்தை அரசு தன் கஜானாவில் இருந்து நிரப்பணும். மாநில அரசின் வருமானத்துக்கு அது தாங்காது. மத்திய அரசின் கை நீளவில்லை. திட்டத்தை மாநிலம் முழுக்க விரிக்க அண்ணாவால் முடியவில்லை. இதைத் தோல்வி என்று சொல்வதில் தப்பில்லை. வாக்குக் கேட்டது எல்லாரிடமும், கொடுத்தது இரண்டு ஊருக்கு.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. அதுவரை அரிசி விலை ஏறினால் மழையைத் திட்டுவார்கள், வியாபாரியைத் திட்டுவார்கள். 1967க்குப் பிறகு முதல்வரைக் கேட்டார்கள்.

நெல்லை விளைவித்தவர்களுக்கு?

இதே அண்ணா ஆட்சியில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் 44 தலித் விவசாயக் கூலிகளும் அவர்கள் குடும்பத்தாரும் ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். பிரச்சினையின் வேரில் இருந்தது கூலி. அதுவும் நெல்லாக அளந்து தரும் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கேட்டது. குற்றம்சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள்.

சென்னையில் ஒரு படி அரிசி ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அதே காலத்தில், அந்த அரிசி விளையும் டெல்டாவில் கூடுதல் நெல் கேட்டவர்களுக்கு இந்தக் கதி. வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு மலிவாக அரிசி கொடுப்பது பற்றி தமிழ்நாட்டு அரசியல் நிறையப் பேசியிருக்கு. விளைவிக்கிற கூலிக்கு அதில் எவ்வளவு போகுது என்று பேசியது குறைவு.

அப்போது அண்ணா புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அழைப்பின் பேரில் போய்வந்திருந்தார், பிறகு அதே அமெரிக்காவுக்குச் சிகிச்சைக்குப் போய்த் திரும்பினார். 1969 ஜனவரி 14ல் மாநிலத்தின் பெயர் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு ஆனது. பிப்ரவரி 3ல் அண்ணா காலமானார். வயது 59. இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

ஒரு ரூபாய் திரும்பி வந்தது

1972ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. அண்ணாவின் திட்டத்தில் இல்லாமல் போன எலும்புக்கூடு இதுதான். கொள்முதல் செய்ய, குடோனில் வைக்க, லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப ஒரு அமைப்பு. அடுத்தடுத்து வந்த கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா ஆட்சிகளில் ரேஷன் கடைகள் குக்கிராமங்கள் வரை போயின. இன்றைக்கு மாநிலத்தில் 33,000க்கும் மேல் கடைகள்.

1997ல் ஒரு திருப்பம். ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னது மத்திய அரசு. பல மாநிலங்கள் பிரித்தன. தமிழ்நாடு எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது.

இந்த முடிவு ஏரிக்கரைக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, அங்கே வருமானம் எப்படி வருகிறது என்று பார்க்கணும். பழவேற்காட்டில் ஏரியின் எந்த இடத்தில், எந்த முறையில் யார் வலை போடலாம் என்பதை ஊரே பிரித்துக்கொள்ளும் பழைய வழக்கம் உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம் பாடு உரிமை உள்ள ஊர்களில் ஒன்று. நல்ல இடம் எப்போதும் ஒரே வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக முறை மாறிக்கொண்டே இருக்கும். அரசாங்கம் எட்டிப் பார்க்காத காலத்து ரேஷன் என்றே இதைச் சொல்லலாம்.

முறை வந்த நாளில் இறால் அள்ளினால் கையில் காசு. அடுத்த முறை வரும்வரை காத்திருக்கணும். முகத்துவாரம் மணல் மூடினால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குறையும். புயல் என்றால் கரையில்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுகிற நாளிலும் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். இப்படிப்பட்ட வீட்டின் வருமானத்தை எந்த நாளில் அளப்பது? இறால் அள்ளிய நாளில் கணக்கெடுத்தால் அந்தக் குடும்பம் கோட்டுக்கு மேலே. அடுத்த வாரம் கணக்கெடுத்தால் கீழே. எல்லாருக்கும் அட்டை என்று வைத்ததால் இந்தக் கேள்வியே எழவில்லை.

2007, 2008ல் உலகம் முழுக்க அரிசி, கோதுமை விலை எகிறியது. ஹைத்தியில் கலவரம் வெடித்துப் பிரதமரின் பதவி போனது. இந்தியா பாஸ்மதி தவிர மற்ற அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கு. 1977ல் எகிப்தில் ரொட்டி மானியத்தைக் குறைத்ததும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், அதிபர் சதாத் முடிவைத் திரும்பப் பெற்றார். வளரும் நாடுகளில் சம்பாத்தியத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போகிற குடும்பங்கள் ஏராளம். அங்கே தானிய விலை நேராக அரசியலைத் தொடும்.

2006ல் கருணாநிதி அரசு ரேஷன் அரிசியைக் கிலோ 2 ரூபாய் ஆக்கியிருந்தது. 2008 செப்டம்பர் 15ல், அண்ணா நூற்றாண்டு நாளில், கிலோ ஒரு ரூபாய். 1967ல் ஒரு ரூபாய்க்குச் சுமார் ஒன்றரை கிலோ, 41 ஆண்டு கழித்து ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ. இடையில் ரூபாயின் மதிப்பு எவ்வளவு தேய்ந்தது என்று யோசித்தால் இது அண்ணா சொன்ன மூன்று படியையும் தாண்டிய மலிவு. இந்த முறை அது கோட்டைக்குப்பத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் சேர்ந்தே வந்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசு அண்ணா உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயம் வெளியிட்டது. அந்த ஒரு நாணயத்தைக் கொடுத்தால் ரேஷன் கடையில் 5 கிலோ அரிசி.

2011 ஜூன் 1ல் ஜெயலலிதா அரசு அதையும் இலவசம் ஆக்கியது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தபோதும் எல்லாருக்கும் ரேஷன் என்பது தொடர்ந்தது.

சோறு வந்தாச்சு, மற்றது?

அரிசி இலவசம் என்றால் வீட்டில் என்ன மாறும்? அரிசிக்குப் போக இருந்த காசு மிச்சமாகும். அது எண்ணெய்க்கோ, காய்கறிக்கோ, வலை பழுது பார்க்கவோ, பிள்ளைகளின் டியூஷனுக்கோ போகலாம். ஆனால் மலிவாகக் கிடைப்பதையே தட்டில் அதிகம் போட்டுக்கொள்வதும் மனித இயல்பு. தமிழ்நாட்டில் நடந்தது இரண்டும் கலந்த கதை. பட்டினி பின்வாங்கியது. அதே நேரம் கேழ்வரகும் கம்பும் தட்டில் இருந்து நகர்ந்தன, மூன்று வேளையும் அரிசி, காலையில் அதே அரிசியில் இட்லி. இன்று சர்க்கரை நோய் பற்றிப் பேசும்போதெல்லாம் டாக்டர்கள் கை நீட்டுவது இந்தத் தட்டைத்தான்.

இதற்கு அண்ணாவைக் குறை சொல்வது அபத்தம். 1967ல் கேள்வி சோறு உண்டா என்பது. என்ன சோறு என்று கேட்கிற இடத்துக்கு ஊர் வந்ததே பிற்பாடுதான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 2007ல் ரேஷனில் மலிவு விலைத் துவரம்பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. அரிசி வேண்டாம் என்கிறவர்களுக்குச் சர்க்கரை அட்டை என்ற வழி இருக்கு. 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தருவது தொடங்கியது. கேழ்வரகு அங்கே ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகிய தானியம் என்பதால் அந்த மாவட்டங்கள். 1966 கோதுமையில் இருந்து யாரோ பாடம் படித்திருக்கிறார்கள்.

ஏரிக்கரையில் இந்தத் தேர்வு வேறு மாதிரி நடக்கிறது. பெரிய இறாலும் நண்டும் நல்ல விலைக்குப் போகும், அதனால் விற்பனைக்கு. வீட்டுக் குழம்புக்குப் பொடிமீன், மழைக்காலத்துக்குக் கருவாடு. இலவச அரிசி இருப்பதால் இறாலை அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி கொஞ்சம் தளரும். ஆனால் மீன் வரத்தே குறைந்தால் அரிசியால் அதை ஈடுகட்ட முடியாது. எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் வந்தபிறகு ஏரியும் கடலும் மாறிவிட்டன என்பது இந்தக் கிராமங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார்.

பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை உண்டு. ஏரியைப் பார்த்தபடி இருக்கும் பள்ளிகளுக்கும் அது நாமக்கல் பண்ணைகளில் இருந்துதான் போகிறது. ஏரியில் பிடிக்கிற மீன் அந்தப் பட்டியலில் இல்லை.